எம்.ஓ.ரி. செல்லும், கார் செல்லாது

வாகனம் வீதியில் ஓடத் தகுந்ததா என்று இங்கிலாந்தில் வருடாவருடம் பார்க்கும் சோதனைக்குப் பெயர் எம்.ஓ.ரி.; அதன் சான்றிதழையும் அப்படியே சொல்வோம். எங்கட ஆக்கள் நாலு பேர் கூடுகிற இடத்தில் "கார் எம்.ஓ.ரி.யில ஃபெயிலாப் போச்சு, இனி ஓடலாமோ?" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு பதில் வரும். ஒன்று: "ஃபெயில் எண்டால் ஃபெயில்தான், சாவியைத் தொடாத." மற்றது: "பழைய எம்.ஓ.ரி. எப்ப முடியுது? இன்னும் மூண்டு கிழமை கிடக்கெல்லோ? அதுவரைக்கும் தாராளமா ஓடு." முதல் பதிலால் வீணாய்க் காசு போகும். இரண்டாவது பதிலால் லைசன்ஸே போகலாம். ஆனால் அதில் பாதி உண்மை இருப்பதால் எல்லோரும் நம்புகிறார்கள்.

ஊர்ப் பழக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இலங்கையில் புகைச் சான்றிதழும் காப்புறுதியும் கையில் இருந்தால் வாகனத்துக்கான வருட லைசன்ஸ் எடுத்துவிடலாம். பேப்பர் சரியென்றால் கார் சரி. அதே கணக்கோடு இங்கே வந்து, எம்.ஓ.ரி.யையும் ஒரு பேப்பராகவே பார்க்கிறோம். இங்கத்தைய சட்டம் பேப்பரை ஒரு பக்கம் வைத்துவிட்டு, வண்டியை வேறாகப் பார்க்கிறது.

1988ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தில் இரண்டு பிரிவுகளைத் தெரிந்துகொண்டால் போதும். 47ஆம் பிரிவு, செல்லுபடியான சோதனைச் சான்றிதழ் இல்லாமல் வாகனத்தை வீதியில் பயன்படுத்துவது பற்றியது. அதற்குத் தண்டம் 1,000 பவுண் வரை, ஓட்டுநர் லைசன்ஸில் ஏறும் தண்டனைப் புள்ளி கிடையாது. 40ஏ பிரிவு, ஆபத்தான நிலையில் உள்ள வாகனத்தைப் பயன்படுத்துவது பற்றியது. அதற்கு 2,500 பவுண் வரை தண்டம், லைசன்ஸில் 3 புள்ளி, நீதிமன்றம் நினைத்தால் ஓட்டத் தடையும் வரும். மூன்று வருடத்துக்குள் இதே குற்றத்துக்கு இரண்டாம் முறை தண்டிக்கப்பட்டால் குறைந்தது ஆறு மாதத் தடை. பழைய சான்றிதழில் இன்னும் நாள் இருக்கிறது என்பது முதல் பிரிவுக்குப் பதில். இரண்டாவதுக்கு அது பதிலே இல்லை.

எனக்கு இது விளங்கியது போன வருடம், என்னுடைய கார் ஃபெயிலான அன்றுதான். பத்து வயது கடந்த டீசல் கார். ஓட்டத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. பிரேக் கீச்சிடவில்லை, ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கவில்லை, டாஷ்போர்டில் ஒரு லைற்றும் எரியவில்லை.

சோதனைக்கு நான் கொண்டுபோனது கவுன்சில் நடத்தும் நிலையம். பல கவுன்சில்கள் தங்கள் குப்பை லொறிகளுக்கும் வான்களுக்கும் வைத்திருக்கிற சோதனை இடத்தைப் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டிருக்கின்றன. அங்கே திருத்தவேலை செய்வதில்லை. திருத்திச் சம்பாதிக்க வழியில்லாத இடம் என்பதால் இல்லாத பழுதைச் சொல்லமாட்டார்கள் என்பது கணக்கு. கணக்கு சரிதான். தனியார் கராஜ்களில் 30, 35 பவுணுக்கே சோதனை செய்வார்கள். காருக்குச் சட்டப்படி வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 54.85 பவுண், கவுன்சில் அதற்குக் கிட்ட வாங்கும். குறைத்து வாங்குகிற கராஜ் எல்லாம் ஏமாற்றுகிறது என்று சொல்லவரவில்லை. ஆனால் இருபது பவுண் விட்டுக்கொடுக்கிறவர் அதை எங்கே எடுப்பார் என்று ஒருமுறை யோசிக்கலாம்.

பழைய சான்றிதழ் முடிய மூன்று கிழமைக்குமேல் இருக்கும்போதே போனேன். ஒரு மாதத்துக்கு ஒருநாள் குறைவாக முன்கூட்டிச் சோதித்தாலும் புதிய சான்றிதழ் அதே பழைய திகதியிலிருந்தே எண்ணப்படும். ஒரு நாளும் இழப்பில்லை. சும்மா தரும் இந்தச் சலுகையை எங்கட ஆக்களில் பாதிப்பேர் பயன்படுத்துவதில்லை. கடைசி நாளன்று பின்னேரம் ஓடுவார்கள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து பார்க்கலாம்; சோதனையைப் பார்க்க வாடிக்கையாளருக்கு இடம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. கார் மேலே போய்க் கொஞ்ச நேரத்தில், சோதித்தவர் என்னைக் கை காட்டி உள்ளே கூப்பிட்டார். வயதானவர், ஆறுதலாகக் கதைப்பவர். முதலில் இடதுபக்க முன் சில்லின் கொயில் ஸ்பிரிங்குக்கு ரோர்ச் அடித்தார். அடிச் சுற்று முறிந்து, முறிந்த துண்டு, ஸ்பிரிங் உட்காரும் கிண்ணத்துக்குள்ளேயே கிடந்தது. முறிந்த முகத்தில் பாதி துரு, பாதி பளபளப்பு. துருப்பிடித்த பாதி கனநாளாகவே வெடித்திருந்தது என்றும் மற்றப் பாதி அண்மையில் விட்டது என்றும் விளங்கப்படுத்தினார். இங்கே பனிக்காலத்தில் வீதிக்கு உப்புப் போடுகிறார்கள். ஸ்பிரிங்கின் பூச்சு ஒரு இடத்தில் உரிந்தால் உப்புத் தண்ணீர் அதில் பிடித்துக்கொள்ளும். மிச்சத்தை வேகத்தடைகளும் வீதிப் பள்ளங்களும் பார்த்துக்கொள்ளும்.

பிறகு வலதுபக்க முன் சில்லுக்குப் பின்னால் போனார். பிரேக் டிஸ்கை இரண்டு பக்கமும் அமுக்கிப் பிடிக்கிற பாட்களில் வெளிப்பக்கப் பாட் நல்லாய்த்தான் இருந்தது. சில்லின் இடைவெளியால் நான் வீட்டில் பார்த்ததும் அதைத்தான். உள்பக்கப் பாட் கிட்டத்தட்ட முடிந்திருந்தது. உராயும் பகுதி, ஐந்து பென்ஸ் நாணயத்தின் தடிப்புக்கும் குறைவு. அதற்குப் பின்னால் வெறும் இரும்புத் தகடு. பாட்களை அமுக்கும் கலிப்பர் வழுக்கி ஓடவேண்டிய "பின்" (இரும்பு ஊசி) இறுகிப்போய், உள்பாட் மட்டும் தனியாக உழைத்துத் தேய்ந்திருக்கிறது. "இது முடிந்ததும் இரும்பில் இரும்பு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

வெளியே வந்த பேப்பரில் நாலு வகையும் இருந்தன. இந்த வகைப்பிரிப்பு 2018 மே 20இல் வந்தது. அதற்கு முன் பாஸ், ஃபெயில், அட்வைசரி என்று மட்டும்தான். இப்போது "டேஞ்சரஸ்" என்றால் உடனடி ஆபத்து, ஃபெயில். திருத்தும்வரை ஓட்டவேண்டாம் என்று பேப்பரிலேயே எழுதியிருக்கும். "மேஜர்" என்றாலும் ஃபெயில், உடனே திருத்தச் சொல்லும். "மைனர்" பாஸ்தான், ஆனால் கெதியாகத் திருத்த வேண்டும். "அட்வைசரி" என்பது கவனித்துக்கொள் என்கிற எச்சரிக்கை. எனக்கு 1.5 மில்லிமீற்றருக்குக் குறைந்த பிரேக் பாட் டேஞ்சரஸ், முறிந்த ஸ்பிரிங் மேஜர், எண் தகட்டு லைற் இரண்டில் ஒன்று எரியாதது மைனர், பின் ரயர் இரண்டும் தேய்ந்து வருவது அட்வைசரி.

ஸ்பிரிங் முறிந்ததுதான் பெரிய விசயம், பாட் சின்ன விசயம் என்று பார்ப்பவருக்குத் தோன்றும். திருத்தும் செலவும் ஸ்பிரிங்குக்குத்தான் கூட. ஆனால் அன்று காரை அந்த முற்றத்திலேயே நிறுத்தியது பாட்தான். ஸ்பிரிங் மட்டும் என்றால், பழைய சான்றிதழ் செல்லுபடியாக இருந்தபடியால் நான் காரை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம்; அரசாங்கத்தின் வழிகாட்டலிலேயே அது இருக்கிறது. இரண்டு நிபந்தனை: பழைய எம்.ஓ.ரி. முடிந்திருக்கக் கூடாது, டேஞ்சரஸ் என்று ஒன்றும் பதியப்பட்டிருக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும்.

நான் வழக்கமாகத் திருத்தக் கொடுக்கும் கராஜ் அங்கிருந்து இரண்டு மைல். எங்கட ஆள்தான், இருபது வருடப் பழக்கம். ஃபோன் எடுத்தேன்.

"ரெண்டு மைல்தானே தம்பி. இருபதில மெள்ள உருட்டிக்கொண்டு வாரும்."

"டேஞ்சரஸ் எண்டு போட்டிருக்கு அண்ணை."

"திருத்தத்தானே கொண்டு வாறீர்? கராஜுக்குப் போற எண்டால் சட்டம் விடும்."

"அது எம்.ஓ.ரி. முடிஞ்ச காருக்கு. இதுக்கு இல்லை."

"நான் அறிய ஒருத்தரையும் பிடிக்கேல்லை."

"பிடிக்கிறது இருக்கட்டும். இப்ப பள்ளிக்கூடம் விடுற நேரம். நான் வாற வழியில ரெண்டு பள்ளிக்கூடம் கிடக்கு."

கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, "சரி, பெடியனை லொறியோட அனுப்பிறன்" என்றார்.

அவர் சொன்னது இங்கே கராஜ் நடத்துகிற பலரும் சொல்வது. அது எங்கேயிருந்து வந்தது என்றும் தெரியும். சான்றிதழ் முடிந்த காரையும் இரண்டு காரியத்துக்கு ஓட்டலாம்: முன்கூட்டிப் பதிவுசெய்த எம்.ஓ.ரி. சோதனைக்குப் போக, திருத்தும் இடத்துக்குப் போக அல்லது அங்கிருந்து வர. இந்த விலக்கு 47ஆம் பிரிவின்கீழ் வருகிறது. சான்றிதழ் இல்லாத குற்றத்துக்கு மட்டுமான விலக்கு. ஆபத்தான நிலையில் ஓட்டும் குற்றத்துக்கு "கராஜுக்குத்தான் போனேன்" என்பது விலக்கு ஆகாது. தூரமும் கணக்கில்லை. கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகலாமே என்று ஒரு நண்பர் பிறகு கேட்டார். இழுபடுகிற காரும் வீதியில் பயன்படுத்தப்படும் வாகனம்தான். பிரேக் இல்லாத காரைக் கயிற்றில் கட்டி இழுப்பது அதைவிட மோசம். லொறியின் முதுகில் ஏற்ற வேண்டும். இல்லையென்றால் நிற்கிற இடத்துக்கே மெக்கானிக் வந்து திருத்த வேண்டும்.

அந்த இரண்டாவது வழியையும் கேட்டுப் பார்த்தேன். வெளியாள் வந்து முற்றத்தில் வேலை செய்யக் காப்புறுதி இடம் தராது என்று சொல்லிவிட்டார்கள். கவுன்சில் நிலையத்தின் பலவீனம் இதுதான், யாரும் சொல்லமாட்டார்கள். திருத்தாத இடம் என்பது பாஸாகும்வரை நல்லது. டேஞ்சரஸ் விழுந்தால் கார் அந்நியர் முற்றத்தில் மாட்டிக்கொள்ளும், அவர்கள் நாலரைக்குக் கதவு பூட்டுவார்கள். என்றாலும் நான் இப்போதும் அங்கேதான் போவேன், ஆனால் காலையில் போவேன். பின்னேரச் சோதனை எடுத்தால், லொறி பிடிக்க நேரம் இருக்காது.

ஒன்றைச் சொல்ல வேண்டும்: சோதனை நிலையத்துக்கு உங்கள் காரைப் பறித்து வைக்கும் அதிகாரம் இல்லை. சாவியைக் கேட்டால் தருவார்கள். டேஞ்சரஸ் என்று எச்சரித்துச் சொல்லிவிட்டுத் தருவார்கள். அதோடு பொறுப்பு முழுக்க உங்கள் கைக்கு வந்துவிடும். எனக்கும் சாவியைத் தந்தார்கள். "சாவியைத் தந்தவங்கள், அப்ப ஓடலாம்தானே" என்று சிலர் நினைப்பதைக் கேட்டிருக்கிறேன்.

சோதனை முடிவு அன்றைக்கே அரசாங்கத்தின் பதிவில் ஏறிவிடும். எண் தகட்டைப் போட்டால் யாரும் பார்க்கலாம். பொலிஸுக்கு அதுகூடத் தேவையில்லை. ஒரு விபத்து நடந்தால், "எனக்குத் தெரியாது" என்று சொல்ல வழியே இல்லை: திகதியும் நேரமும் போட்டு உங்களுக்குச் சொல்லியாகிவிட்டது. காப்புறுதிக்காரரும் அதையே எடுப்பார்கள். வாகனத்தை ஓடத்தகுந்த நிலையில் வைத்திருக்க வேண்டும் என்று பெரும்பாலான பொலிசிகளில் ஒரு வரி இருக்கும். உங்கள் பொலிசியை எடுத்து அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

அந்த மேஜருக்குத் திரும்ப வருகிறேன், அங்கேதான் மனிதர்கள் தடுமாறுகிறார்கள். மேஜர் மட்டும் இருந்து, பழைய சான்றிதழும் இருந்தால் காரை எடுத்துப் போகலாம் என்றேன். ஆனால் எல்லா நேரமும் வாகனம் ஓடத்தகுந்த நிலையில் இருக்க வேண்டும் என்கிற கடமை அதோடு தொலைந்துபோவதில்லை. முறிந்த ஸ்பிரிங்கோடு வீட்டுக்கு வந்து, அடுத்த நாள் கராஜில் விடுவது வேறு. அதே காரில் குடும்பத்தை ஏற்றி, லண்டனைச் சுற்றியோடும் எம்25 நெடுஞ்சாலையைப் பிடித்துக் கலியாணவீட்டுக்குப் போவது வேறு. முறிந்த ஸ்பிரிங் முனை ரயரின் உள்சுவரைக் கிழித்த கதைகள் கராஜ்களில் நிறைய உண்டு. மூன்று கிழமை இருக்கிறதென்று மூன்று கிழமையும் ஓடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சட்டம் இடம் விட்டதே திருத்த வசதியாகத்தான்.

என் மச்சானுக்கு நேர்ந்தது இதன் மறுபக்கம். அவருடைய கார் ஃபெயிலானது முன் லைற்றின் குறி, அதாவது வெளிச்சம் விழும் திசை, சரியில்லை என்பதற்காக. டேஞ்சரஸ் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் கடைசி நாளன்று கொண்டுபோனார், அந்த நள்ளிரவோடு பழைய சான்றிதழ் முடிந்துவிட்டது. அவர் இருப்பது மாடி வீட்டில், கார் நிற்பது தெருவில். எம்.ஓ.ரி. முடிந்த காரை ஓட்டக்கூடாது என்று மட்டும்தான் அவருக்குத் தெரியும். பொதுவீதியில் நிறுத்தி வைத்திருக்கவும் கூடாது என்பது தெரியாது. கார் அசையாமல் நின்றாலும் அது வீதியில் இருக்கிறது. வீதியில் ஓட்டுவதில்லை என்று அறிவித்து வாகன வரியை நிறுத்தினாலும், அதற்குப் பிறகு அதைத் தனியார் நிலத்தில்தான் வைக்க வேண்டும். கடைசியில் நண்பர் ஒருவரின் வீட்டு முன்றலில் விட்டுவைத்தார்கள். வரி புதுப்பிக்கிற மாதமும் அதுவே என்றால் இன்னும் சிக்கல், எம்.ஓ.ரி. இல்லாமல் வரி கட்ட இயலாது.

அவர் கராஜுக்கு ஓட்டிக்கொண்டு போனது சட்டப்படி சரி. ஆனால் வழியில் கடைக்கு ஒருக்கால், மகளை வகுப்பில் இறக்கிவிட ஒருக்கால் என்று நினைத்திருந்தார். அது விலக்குக்குள் வராது. திருத்தப் போகிறவர் திருத்தத்தான் போக வேண்டும். வீதிக் கமராக்கள் எண் தகட்டை வாசித்து எம்.ஓ.ரி. இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும். நிறுத்தினால் காட்ட, கராஜில் பதிவுசெய்த மெசேஜ் ஒன்று ஃபோனில் இருப்பது நல்லது.

இனித் திருத்தியபின் செய்வது. எங்கே திருத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கட்டணம் மாறும். சோதித்த இடத்திலேயே காரை விட்டுத் திருத்தினால், 10 வேலைநாளுக்குள் ஃபெயிலான பகுதியை மட்டும் திரும்பப் பார்ப்பதற்குக் காசில்லை. காரை வெளியே கொண்டுபோய்த் திருத்தி 10 வேலைநாளுக்குள் திருப்பிக் கொண்டுவந்தால் பகுதிச் சோதனைதான், அதற்குப் பாதிக் கட்டணம்வரை கேட்கலாம். ஹோர்ன், வைப்பர், கண்ணாடி, லைற், எண் தகடு, ரயர் போன்ற சில சில்லறைப் பழுதுகள் என்றால் அடுத்த வேலைநாள் முடிவதற்குள் திருப்பிக் கொண்டுவந்தால் அதுவும் இலவசம். முன் லைற்றின் குறி அந்தப் பட்டியலில் இல்லை, மச்சான் அதில்தான் பட்டார். 10 வேலைநாள் தாண்டினால் முழுச் சோதனை, முழுக் காசு. கிறிஸ்மஸ், ஈஸ்டர் விடுமுறைகள் வேலைநாளில் சேராது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

எனக்கு லொறிக்கும் சேர்த்து முந்நூறு பவுணுக்குக் கிட்டப் போனது. இரண்டு பக்கப் பாட்டும், இறுகிய பின்னைக் கழற்றித் துப்புரவாக்கியதும், இரண்டு முன் ஸ்பிரிங்குகளும். ஸ்பிரிங் ஒன்றுதான் முறிந்தது, ஆனால் ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதுமாகப் போட்டால் கார் ஒரு பக்கம் உயர்ந்து நிற்கும். சோடியாக மாற்றுவதே முறை. கராஜ்காரர் இரண்டு கேட்டால் உடனே சந்தேகப்படாதீர்கள். பழைய உதிரிப்பாகங்களைக் கையில் தரச் சொல்லிக் கேட்பது வேறு விசயம், அதைக் கட்டாயம் கேளுங்கள். நான் கேட்டு வாங்கிய அந்தப் பாட்டை வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். மகனுக்குத்தான் முக்கியமாக.

அவன் அப்போதுதான் லைசன்ஸ் எடுத்திருந்தான். புதிதாக லைசன்ஸ் எடுத்தவர் முதல் இரண்டு வருடத்துக்குள் 6 புள்ளி வாங்கினால் லைசன்ஸ் ரத்து. திரும்ப முதலிலிருந்து எழுத்துப் பரீட்சை, ஓட்டப் பரீட்சை எல்லாம். தேய்ந்த ரயர் ஒன்றுக்கு 3 புள்ளி, 2,500 பவுண் வரை தண்டம். ஒவ்வொரு ரயரும் தனித்தனிக் குற்றம். இரண்டு ரயர் தேய்ந்தால் 6 வரை போகலாம். அதாவது பிள்ளை ஒரு வேகமும் ஓடாமல், ஒரு சிவப்பு லைற்றும் தாண்டாமல், அப்பாவின் காரை எடுத்துக்கொண்டு யூனிவேர்சிற்றிக்குப் போனதற்கே லைசன்ஸை இழக்கலாம். ஓட்டியவருக்குத்தான் புள்ளி, ஓட்ட விட்டவரும் மாட்டலாம். காரைப் பிள்ளைகளோடு பகிர்கிற வீடுகளில் இதைக் கதைத்து வைப்பது நல்லது. ரயரின் சட்ட எல்லை, அகலத்தின் நடு முக்கால் பகுதியில் சுற்றிவர 1.6 மில்லிமீற்றர். இருபது பென்ஸ் நாணயத்தைப் பள்ளத்துக்குள் நிறுத்துங்கள். நாணயத்தின் வெளி விளிம்புப் பட்டை வெளியே தெரிந்தால் ரயர் எல்லைக்குக் கிட்ட வந்துவிட்டது என்று அர்த்தம். உள்பக்க விளிம்பிலும் வையுங்கள். சில்லுகளின் சீர் பிழைத்த காரில் உள்பக்கம்தான் முதலில் வழுக்கையாகும்.

பிரேக் பாட்டுக்கும் அதே கதை. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி நிறுத்திவிட்டு, ஃபோன் ரோர்ச்சோடு சில்லுக்குப் பின்னால் குனிந்து பார்த்தால் பல கார்களில் உள்பாட் தெரியும். நான் இப்போது ரயர் காற்றுப் பார்க்கும்போது இதையும் பார்க்கிறேன். இரண்டு பாட்டும் ஒரே தடிப்பில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஒன்று மெலிந்து ஒன்று தடித்திருந்தால் கலிப்பர் இறுகுகிறது.

மற்றபடி ஃபெயிலாகிற கார்களில் பலவற்றின் பழுது, வீட்டு வாசலில் கண்டுபிடிக்கக் கூடியது. ஒருவர் உள்ளேயிருந்து லைற்றுகளைப் போட, ஒருவர் சுற்றிவந்து பார்க்க வேண்டும். ஆளில்லாவிட்டால் சுவருக்குக் கிட்ட நிறுத்திப் பிரேக் லைற்றின் வெளிச்சத்தைப் பாருங்கள். கண்ணாடி கழுவும் தண்ணீர் நிரப்புங்கள். தண்ணீர் தெளிக்காவிட்டால் அது ஃபெயில், இதற்காக ஃபெயிலான கார்களை நினைத்தால் சிரிப்புத்தான் வரும். எஞ்சின் எச்சரிக்கை லைற் எரிந்தபடி போகாதீர்கள், அது மேஜர். முன் கண்ணாடியில் ஓட்டுபவருக்கு நேரே உள்ள பகுதியில் 10 மில்லிமீற்றருக்கு மேல் சேதம் இருந்தாலும் ஃபெயில், வைப்பர் துடைக்கும் மற்றப் பகுதியில் 40 வரை விடுவார்கள்.

முடிவு பிழை என்று நினைத்தால் முறையிடலாம். ஆனால் அவசரப்பட்டுத் திருத்திவிடாதீர்கள். திருத்திவிட்டால் பார்ப்பதற்கு ஒன்றும் இராது. முதலில் சோதித்த நிலையத்தோடு கதைக்க வேண்டும், பிறகு 14 வேலைநாளுக்குள் விண்ணப்பம் போட்டால், எம்.ஓ.ரி.யை மேற்பார்க்கும் அரசாங்க நிறுவனமான டீ.வி.எஸ்.ஏ. வேறொருவரைக் கொண்டு திரும்பச் சோதிக்கும். கட்டணத்தைத் திரும்பக் கட்ட வேண்டும். உங்கள் பக்கம் நியாயம் என்றால் முழுக்கவோ பகுதியாகவோ திரும்பி வரும். முறையீடு நடக்கிறதென்று டேஞ்சரஸ் காரை ஓட முடியாது.

ஃபெயிலான பதிவு காரின் பெயரைக் கெடுத்துவிடும், விற்கும்போது விலை போகாது என்று என்னிடம் கவலைப்பட்டவர்கள் உண்டு. நான் கார் வாங்குகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: 2005 தொடக்கம் உள்ள சோதனை வரலாறு இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது, மைல் கணக்கோடு. ஒரு வருடம் ஃபெயிலாகி அதே கிழமை பாஸான கார், சொந்தக்காரர் திருத்தினார் என்று சொல்கிறது. வருடா வருடம் அதே அட்வைசரி, அதே துரு, அதே எண்ணெய்க் கசிவு என்று பாஸாகிக்கொண்டே வந்த காருக்குத்தான் நான் கிட்டப் போவதில்லை. மைல் கணக்கு ஒரு வருடம் குறைந்து நின்றால் அங்கேயே தொலைபேசியை வைத்துவிடலாம்.

இதெல்லாம் இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் கணக்கு. வட அயர்லாந்தில் மூன்றாம் வருடத்துக்குப் பதிலாக நாலாம் வருடத்தில்தான் முதல் சோதனை, அதுவும் அரசாங்க நிலையத்தில் மட்டும். மூன்று வருட எல்லை இந்தப் பக்கத்தில் 1967இல் வந்தது. 1960இல் சோதனை தொடங்கியபோது பத்து வருடம் கடந்த வாகனங்களைத்தான் பார்த்தார்கள். முதல் சோதனையை நாலாம் வருடத்துக்குத் தள்ளலாமா என்று அரசாங்கம் அண்மையிலும் யோசித்தது. 2024 ஜனவரியில், இருக்கிறபடியே இருக்கட்டும் என்று முடிவெடுத்தது.

முடிவுத் திகதியை மறப்பவர்களுக்கு அரசாங்கமே ஒரு மாதத்துக்கு முன் இலவசமாக மெசேஜ் அனுப்பும். இணையத்தில் எண் தகட்டைக் கொடுத்துப் பதிந்தால் போதும். வீட்டில் இரண்டு கார் என்றால் இரண்டையும் பதியுங்கள், காரை விற்றதும் நிறுத்திவிடுங்கள்.